வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கல்முருகை வளர்த்தல்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் 200 லீற்றர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. வருபவர்கள் முதலில் மீனைத்தான் தேடுவார்கள். மீன் இரண்டே இரண்டு என்று தெரிந்து, பாறையில் ஒட்டியிருப்பவைதான் இந்தத் தொட்டியின் குடிகள் என்று புரிந்த பிறகு கேள்விகள் தொடங்கும். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்க்காரர் கேட்டவற்றையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கல்முருகை என்று எதைச் சொல்கிறீர்கள்? அது வளர்கிறது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

நாம் முருகை என்பதைத்தான் இந்தியப் பத்திரிகைகள் பவளம் என்று எழுதுகின்றன. நகைக்குப் பதிக்கும் செம்பவளம் வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. அது வெளிச்சம் குறைந்த இடங்களில் வளர்வது. இங்கே பேசுவது பாசிக்குடாவில் பாறைபோலத் தெரியும், கல்லான வன்கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் உயிரினத்தைப் பற்றி. சிறிய கடல் அனிமனி போன்ற பொலிப்புகள் ஆயிரக்கணக்கில் ஒரே தோலால் இணைந்து, தம் அடியில் அரகோனைற்று என்னும் கல்சியம் காபனேற்றைப் படியவைத்துக்கொண்டே மேலெழுகின்றன. அந்தத் தோலுக்குள் ஒற்றைக்கல அல்காக்கள் குடியிருக்கின்றன. முருகைக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியை அவையே ஒளித்தொகுப்பினால் ஆக்கிக் கொடுக்கின்றன. அதனால்தான் கல் கட்டும் வேலை இரவைவிடப் பகலில் விரைவாக நடக்கிறது.

ஆகவே வளர்ச்சி என்பது, தோல் பரவுவதும் அதன் கீழே கல் ஏறுவதும் சேர்ந்தது. தட்டுப்போல் விரியும் மொண்டிபோரா ஒன்றின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஓரத்தில் நூலளவு வெள்ளைக் கோடு ஒன்று ஓடும்; அங்கேதான் புதுக் கல் ஏறுகிறது, நிறம் தரும் அல்கா இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அந்தக் கோடு மங்கினால் தொட்டியில் ஏதோ குறை என்று நான் எடுத்துக்கொள்வேன். கடலில் கிளைவிடும் அக்ரோபோரா ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் நீளக்கூடியது. உருண்டையாக வளரும் போரைற்றீஸ் ஒரு சென்ரிமீற்றர் ஏறினாலே நல்ல ஆண்டு.

பாசிக்குடாவிலோ காயான்கேணியிலோ கரையோரமாகவே முருகை கிடக்கிறதே. ஒரு விரலளவு துண்டு எடுத்துவந்தால் என்ன?

எடுக்கக் கூடாது. இந்தக் கேள்விக்கு வளைத்துப் பதில் சொல்ல விரும்பவில்லை. இலங்கையில் கல்முருகைகள் விலங்கினங்கள் மற்றும் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டவை. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுக்கும் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அது 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம். உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் கல்முருகைகள் எல்லாம் அடங்குகின்றன. காயான்கேணிக் கடல் 2019இல் சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டுவிட்டது.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் நியாயம் ஒன்றுண்டு. 1970களில் முட்கிரீட நட்சத்திர மீன் பெருகிக் கிழக்குக் கரையின் முருகைகளைத் தின்றது. 1998இல் கடல் சூடேறி அவற்றில் பல வெளுத்து மடிந்தன. மெல்லத் தேறிவந்த வேளையில் 2016இல் மறுபடியும் வெளுப்பு வந்தது. இத்தனைக்கும் தப்பி நிற்கும் ஒரு கிளையை முறித்து, பழக்கமில்லாத கையால் தொட்டியில் வைத்து, ஒரு மாதத்தில் சாகவிடுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. கரையொதுங்கிய செத்த துண்டும் வேண்டாம். அதன் துளைகளில் பொஸ்பேற்று ஊறியிருக்கும். தொட்டிக்குள் வைத்தால் மாதக்கணக்கில் கசிந்து பச்சை அல்காவை வளர்க்கும்.

தொட்டிக்கு ஏற்றவை பண்ணைகளில் துண்டு போட்டு வளர்க்கப்பட்டு, அனுமதிப் பத்திரத்துடன் இறக்குமதியானவை. பணம் கொடுக்கும் முன்பே வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் விசாரித்து, வைத்திருப்பதற்கான ஆவணம் என்னவென்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பத்திரத்தைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் விலை பேசுவதே வீண்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது காசு கொடுத்து உப்பு வாங்க வேண்டுமா? கடல்நீரையே அள்ளி ஊற்றலாமே?

ஆண்டில் சில மாதங்களுக்கு அது நல்ல யோசனைதான். சித்திரையிலிருந்து ஆவணி வரை கடல் தெளிந்திருக்கும் நாட்களில், வாவியின் முகத்துவாரத்திலிருந்து நன்றாக விலகி, அலை உடையும் இடத்துக்கு வெளியே தோணியில் போய் எடுத்த நீர் தொட்டிக்குப் பொருந்தும். கரையில் நின்று வாளியால் அள்ளினால் மணலும் குப்பையும்தான் மிஞ்சும்.

வாடைக் காற்று பிறந்து மாரி தொடங்கியபின் இந்தப் பேச்சே வேண்டாம். மழைநீரும் வயல்நீரும் வாவியில் நிறைந்து, வெள்ளத்தை வடிக்க முகத்துவாரத்தை வெட்டிவிடும்போது கபில நிற நீர் கடலுக்குள் நெடுந்தூரம் போவதைக் கல்லடிக் கரையில் நின்றே பார்க்கலாம். அந்த நீரில் உப்பும் குறைவு, வயலுக்கு இட்ட பசளையும் கரைந்திருக்கும். எடுத்துவந்த நீரை எந்தக் காலத்திலும் துணி வடிகட்டியில் விட்டு, மூடிய இருண்ட கொள்கலனில் இரண்டு வாரம் வைத்து, அதன் பிறகே ரிஃப்ராக்டோமீற்றரில் உப்பை அளந்து பயன்படுத்துங்கள். நான் முதல் ஓராண்டு இப்படிச் செய்துவிட்டு, முதுகுவலி காரணமாக உப்புப் பைக்கு மாறிவிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உப்புக் கலக்கவும், வற்றும் நீரை நிரப்பவும் கிணற்று நீர் போதாதா?

போதாது. நம் மணற்கிணற்று நீரில் இரும்பும் நைத்திரேற்றும் இருக்கலாம். குழாய்நீரில் குளோரின் இருக்கிறது. ஆர்ஓ நீர், அதாவது நுண்சவ்வினூடாக அழுத்தி உப்புகளை நீக்கிய நீர், வேண்டும். ஆனால் குடிப்பதற்கென விற்கும் ஆர்ஓ நீரில் சுவைக்காகச் சற்றுத் தாதுக்களை விட்டுவைப்பவர்கள் உண்டு. நீரில் கரைந்துள்ளவற்றை அளக்கும் டிடிஎஸ் மீற்றர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அது 0 அல்லது 1, 2 காட்டினால் வாங்கலாம். 30, 40 காட்டினால் அது மனிதர் குடிப்பதற்கு மட்டுமே நல்ல நீர்.

நீரில் எவையெவை எந்த அளவில் இருக்க வேண்டும்?

இயற்கைக் கடல்நீரை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் 35 பங்கு உப்புள்ள கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 410 முதல் 420 மில்லிகிராம் கல்சியமும் 1280 முதல் 1300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்கும். பெரும்பாலும் இருகாபனேற்றால் வரும் காரத்தன்மை, டிகேஎச் என்னும் அலகில் ஏறத்தாழ 6.5. தொட்டியில் கல்சியத்தை 400க்கும் 450க்கும் இடையிலும், மக்னீசியத்தை 1250க்கும் 1350க்கும் இடையிலும், காரத்தன்மையை 7க்கும் 9க்கும் இடையில் நீங்கள் தெரிந்தெடுத்த ஓர் எண்ணிலும் வைத்தால் போதும். மக்னீசியம் குறைந்தால் கல்சியமும் காபனேற்றும் நீரிலேயே கூடிப் பம்பிலும் குழாயிலும் கல்லாகப் படியும். நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் அளவு ஏறாது. உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026. பிஎச் பெறுமானம் 7.8க்கும் 8.4க்கும் இடையில் பகலில் ஏறி இரவில் இறங்கும். சன்னல் திறந்த நம் வீடுகளில் அதைப்பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. குளிரூட்டிய மூடிய அறையில் தொட்டி வைத்தவர்களுக்குத்தான் காபனீரொட்சைட்டு தேங்கி பிஎச் இறங்கும் தொல்லை.

இவ்வளவிலும் ஒன்றை மட்டும்தான் ஒழுங்காக அளக்க முடியும் என்றால் எதை அளப்பது?

காரத்தன்மையை. கல்லைக் கட்ட முருகைக்குக் கல்சியமும் வேண்டும், இருகாபனேற்றும் வேண்டும். கல்சியம் நீரில் பெருங்களஞ்சியமாக இருக்கிறது; இருகாபனேற்றோ கைச்செலவுப் பணத்தைப்போல. காரத்தன்மை 2.8 டிகேஎச் இறங்கும் நேரத்தில் கல்சியம் 20 மில்லிகிராம்தான் இறங்கும். அதாவது கல்சியம் 420இலிருந்து 400ஆவதைச் சாதாரணச் சோதனைப் பெட்டி சரியாகக் காட்டுவதற்குள், காரத்தன்மை 8இலிருந்து 5.2க்கு விழுந்திருக்கும். வளர்ச்சி நிற்பது அங்கேதான்.

அளப்பது கடினமல்ல. தொட்டிநீரை 5 மில்லிலீற்றர் ஊசியால் அளந்து சோதனைக் குழாயில் விட்டு, சோதனைத் திரவத்தைத் துளித்துளியாகச் சேர்த்துக் குலுக்க வேண்டும். முதலில் நீலம், ஏழாவது துளியில் குழாயின் நடுவே ஒரு மஞ்சள் சுருள் தோன்றி மறையும், எட்டாவதில் முழுதும் மஞ்சளாகும். நான் பாவிக்கும் பெட்டியில் ஒரு துளிக்கு ஒரு டிகேஎச், ஆகவே எட்டு. நீரை 10 மில்லிலீற்றராக இரட்டித்தால் ஒரு துளிக்கு அரை டிகேஎச் ஆகி, கணக்கு இன்னும் நுணுகும். குழாயை ஒரு வெள்ளைத் தாளின் முன் பிடித்து, எப்போதும் ஒரே மின்குமிழின் கீழ், ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில் ஒருநாளும் இரவில் ஒருநாளும் அளந்துவிட்டு எண் மாறிவிட்டதென்று பதறுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

7 நல்லதா 9 நல்லதா என்று வாதம் செய்வார்கள். இரண்டிலும் நன்றாக வளர்ந்த தொட்டிகள் உண்டு. இன்றைக்கு 7, நாளை மறுநாள் 9 என்று ஆடும் தொட்டியில் அக்ரோபோரா நிலைக்காது. ஒரு நாளில் அரை டிகேஎச்சுக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ வேண்டாம்.

குறைந்ததை எதைக் கொண்டு நிரப்புவது? அப்பச் சோடா போடலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அப்பச் சோடா என்று கடையில் விற்பது சோடியம் இருகாபனேற்று. வேறெதுவும் கலக்காத தூளாக இருந்தால் அது போதும். பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும், தொட்டிப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

கணக்கு இதுதான். 200 லீற்றர் நீரில் காரத்தன்மையை ஒரு டிகேஎச் உயர்த்த 6 கிராம் சோடியம் இருகாபனேற்று வேண்டும். அதே வேளை முருகை எடுத்துக்கொண்ட கல்சியத்தை ஈடுசெய்ய, நீரேறிய கல்சியம் குளோரைட்டு 5 கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். இரண்டையும் தனித்தனிப் போத்தல்களில் ஆர்ஓ நீரில் கரைத்து, தொட்டியின் நீரோட்டம் பலமான இடத்தில், ஒன்றுக்கும் மற்றதற்கும் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு ஊற்றுங்கள். சேர்த்து ஊற்றினால் பால்போல் வெளுத்து, முருகை கட்ட வேண்டிய கல் தொட்டியின் அடியில் சுண்ணத்தூளாகப் படியும். தொட்டியின் கொள்ளளவு 200 என்றால் உள்ளே உண்மையில் நிற்கும் நீர், பாறையும் மணலும் போக 170 அளவில்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எவ்வளவு, எத்தனை நாளுக்கொருமுறை என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை. எதுவும் சேர்க்காமல் மூன்று நாள் அளந்து பாருங்கள். 8.4, 8.0, 7.6 என்று இறங்கினால் உங்கள் தொட்டியின் செலவு நாளுக்கு 0.4. அதையே நாள்தோறும் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை மறுபடி அளந்து திருத்துங்கள்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா?

கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனால் கேள்வியில் விஷயம் இருக்கிறது. சுண்ணாம்பு நீர், அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டின் தெளிந்த கரைசல், கல்முருகை வளர்ப்பில் நெடுங்காலமாகப் பயன்படுவது. கல்சியத்தையும் காரத்தன்மையையும் முருகைக்கு வேண்டிய அதே விகிதத்தில் தருவது, மலிவானது, நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி பிஎச்சையும் உயர்த்துவது. நம் கரையோரங்களில் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுத்தான் ஒருகாலத்தில் வீட்டுக்கும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுடும்போது கல்லிலிருந்து காபனீரொட்சைட்டு போகிறது, நீர் தெளிக்கும்போது சுண்ணாம்பு நீறுகிறது, தொட்டியில் அது மறுபடியும் காபனீரொட்சைட்டை எடுத்து முருகைக்குள் கல்லாகிறது. அந்தக் காலத்துச் சூளைக்காரர் கடலிலிருந்து எடுத்ததன் தலைகீழ்க் கணக்கை நாம் இங்கே செய்கிறோம்.

ஆயினும் வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். அதில் நிறமும் மணமும் சேர்ப்பார்கள். காற்றுப்பட்டுப் பாதி மறுபடியும் காபனேற்றாகியிருக்கும். என்ன கலந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. உணவுத் தரக் கல்சியம் ஐதரொட்சைட்டை இறுக மூடிய பேணியில் வாங்குங்கள். ஒரு லீற்றர் ஆர்ஓ நீரில் 2 கிராம் அளவில் போட்டுக் கலக்கி, மூடி, சில மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுங்கள். அந்தத் தெளிவு ஒரு லீற்றர், 200 லீற்றர் தொட்டியில் காரத்தன்மையை அரை டிகேஎச்சுக்குச் சற்று மேலும் கல்சியத்தை ஏறத்தாழ 4 மில்லிகிராமும் உயர்த்தும். நம் வெயிலில் தொட்டி வற்றும் நீரில் ஒரு பங்குக்குப் பதிலாக, அன்றாடச் செலவை மீறாத அளவில் இதை விடலாம் என்பது நமக்கு வாய்த்த நன்மை.

சுண்ணாம்பு நீரின் பிஎச் 12க்கு மேல். கண்ணில் தெறித்தால் கண்ணே போகலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்டிக்குள் சேலைன் போத்தல் குழாய்போல் துளித்துளியாக, இரவில் விடுங்கள். வாளியோடு ஊற்றியவர் தொட்டி மறுநாள் காலையில் வெறும் பாறையாக இருக்கும்.

வெயில் காலத்தில் தொட்டிநீர் 31 பாகைக்குப் போகிறது. குளிரூட்டும் பொறி வாங்கத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, நீரின் மேற்பரப்பில் சரிவாகக் காற்றுப் படும்படி ஒரு சிறு மின்விசிறியை வைத்தால், நீர் ஆவியாகும்போது 2 முதல் 3 பாகை வரை இறங்கும். ஆனியிலும் ஆடியிலும் கச்சான் வீசும்போது வெளியே அனல்தான். ஆனால் அது வறண்ட காற்று, ஆகவே விசிறி அப்போது மிக நன்றாக வேலை செய்கிறது. எனக்குக் கடினமான நாட்கள் சித்திரை, வைகாசியின் புழுக்கமான, இலையசையாத இரவுகள். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் நீர் ஆவியாகாது; விசிறி சுழல்வதுதான் மிச்சம். அந்த வாரங்களில் விளக்கு எரியும் நேரத்தை இரண்டு மணி குறைத்து, பகலில் எரித்ததை இரவுக்கு மாற்றுகிறேன்.

26 முதல் 27 பாகை செல்சியஸ் நல்லது. 28இல் அசையாமல் நிற்கும் தொட்டியும் நன்றாகவே வளரும். கடலில்கூட, வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை சில வாரங்கள் நீடித்தாலே வெளுப்பு தொடங்கிவிடுகிறது. 30ஐத் தாண்டினால் உங்களுக்குக் கையிருப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிறியைப் போட்ட நாளிலிருந்து என் தொட்டியில் நாளுக்கு 4 லீற்றர் வற்றுகிறது. வற்றுவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். ஆகவே நிரப்புவதும் உப்பில்லாத நீராகவே இருக்க வேண்டும்.

மின்சாரம் போனால்?

வெளிச்சம் இரண்டு மூன்று நாள் இல்லாவிட்டாலும் முருகை தாங்கும். நீரோட்டம் நின்றால்தான் சிக்கல். பிராணவாயு குறைந்து முதலில் மீன் சாகும், அது அழுகி மற்றதையும் கெடுக்கும். பற்றரியில் ஓடும் ஒரு காற்றுப் பம்பும் பழைய மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓடும் ஒரு சிறு நீரோட்டப் பம்பும் இருந்தால் இரவைக் கடத்தலாம். சூடேறினால் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்த நீர்ப் போத்தல்களை மூடியோடு மிதக்கவிடுங்கள்.

2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது இவை எல்லாம் என்னிடம் இருந்தன. நான் நினைக்காதது வேறொன்று. சோடாக் கரைசலை விடும் சிறு பம்பின் நேரக் கருவி, மின்சாரம் வந்துவந்து போகும் ஒவ்வொரு தடவையும் தன் நாளைப் புதிதாகத் தொடங்கி, அன்றைய அளவை மறுபடியும் விட்டது. நான் பற்றரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அளந்தபோது பதினொராவது துளியில்தான் மஞ்சள் வந்தது. மூன்று அக்ரோபோராக்கள் நுனி வெளுத்து, அடியிலிருந்து தோல் உரிந்து போயின. அதற்குப் பிறகு கரைசல் பம்பை மின்வெட்டு நாட்களில் கழற்றிவிட்டு, கையால் அளந்து ஊற்றுகிறேன்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? சன்னல் வெயில் போதாதா?

சன்னல் வெயில் நேரத்துக்கு நேரம் மாறும், தொட்டியையும் சூடாக்கும். நீலம் மிகுந்த எல்ஈடி விளக்கை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் எரியுங்கள். ஒளித்தொகுப்புக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் அளவில் சொன்னால், யூபிலியா போன்ற பெரும்பொலிப்புக் கல்முருகைகளுக்கு 50 முதல் 150 போதும். அக்ரோபோராவுக்கு 200 முதல் 350. அளக்கும் கருவி இல்லாதவர்கள் புதுத் துண்டை அடியில் வைத்துத் தொடங்கி, வாரத்துக்குச் சிறிது மேலே கொண்டுவாருங்கள். வெளிச்சம் குறைந்தால் அது மெல்லக் கபில நிறமாகும், மீட்கலாம். மிகுந்தால் சில நாட்களில் வெளுத்துப்போகும்.

நீரோட்டம்?

கிளை முருகைக்கு, தொட்டிக் கொள்ளளவைப்போல 20 முதல் 40 மடங்கு நீரை மணிக்கு அசைக்கும் பம்புகள், ஒரே திசையில் அடிக்காமல் மாறிமாறி ஓட வேண்டும். அசையாத நீரில் முருகையின் தோலைச் சுற்றி ஒரு மெல்லிய படலம் தேங்கி, உள்ளே வரவேண்டியதும் வெளியே போகவேண்டியதும் தடைப்படும். சதைப்பற்றான பொலிப்புகளுக்கு மென்மையான ஓட்டம். அவை காற்றில் நெற்பயிர் அசைவதுபோல அசைந்தால் சரி.

உணவு கொடுக்க வேண்டுமா? நைத்திரேற்றைப் பூச்சியமாக்க வேண்டும் என்கிறார்களே?

பெரும்பொலிப்பு வகைகளுக்கு வாரத்தில் ஒருமுறை, இரவில் உணர்கொம்புகள் விரிந்தபின், கழுவிய கூனியைப் பொடியாக நறுக்கி இடுக்கியால் ஊட்டினால் தலைகள் பிரிவது கண்ணுக்குத் தெரியும்படி விரைவாகும். உப்பிட்டுக் காயவைத்த கூனி ஆகாது. சிறுபொலிப்பு வகைகளுக்கு மீனின் கழிவும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களுமே பெரும்பாலும் போதும்.

பூச்சியம் வேண்டாம். நைத்திரேற்று லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பொஸ்பேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருக்கட்டும். முற்றாக இல்லாத நீரில் முருகை வெளிறி மெலியும்; காரத்தன்மையும் உயர்ந்திருந்தால் நுனி கருகும். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறதே என்று பெருமைப்படும் தொட்டிகளில் இதை அடிக்கடி காண்கிறேன்.

புதுத் தொட்டியில் எப்போது, எதை முதலில் வைப்பது?

அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி இறங்கிப் பூச்சியமாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதன் பின் டங்கனோப்சம்மியா அல்லது யூபிலியா போன்ற பெரும்பொலிப்பு வகை ஒன்றோடு தொடங்குங்கள். மொண்டிபோரா, ஸ்ரைலோபோரா போன்ற சிறுபொலிப்பு வகைகள் நான்கைந்து மாதம் கழித்து. ஓராண்டு ஆகாமல் அக்ரோபோரா வாங்காதீர்கள். யூபிலியாவைச் சுற்றி ஒரு சாணாவது இடம் விடுங்கள், இரவில் அது நீளும் கொம்புகளால் பக்கத்து முருகையைச் சுட்டுவிடும். எந்தத் துண்டையும் தொட்டியில் வைக்குமுன் முருகைக்கெனத் தயாரித்த அயடீன் கரைசலில் சொன்ன நேரம் தோய்த்து, தட்டைப்புழுவும் அதன் முட்டையும் இருக்கிறதா என்று அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

முருகை வெள்ளையாகிவிட்டது. செத்துவிட்டதா?

தொட்டுப் பார்க்காமல், பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற தோல் இன்னும் கல்லின்மேல் இருந்து, பொலிப்புகள் சற்றே அசைந்தால் அது வெளுப்பு; அல்கா போயிருக்கிறது, விலங்கு இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்து, வெப்பத்தைச் சீராக்கி, காத்திருங்கள். வெறும் கல் தெரிந்து, உயிருள்ள தோலின் விளிம்பு கிழிந்த துணிபோல் நிற்குமானால் அது தோல் இழப்பு. ஒரே இரவில் பரவினால், உயிருள்ள கிளையை விளிம்புக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலேயே வெட்டி எடுத்துத் தனியே ஒட்டுங்கள். வெட்ட எலும்பு வெட்டும் குறடு. ஒட்டக் கூழ்வடிவ சுப்பர் குளூ, அது நீருக்குள்ளும் இறுகும்.

சரி, உண்மையிலேயே வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாதத்தின் முதல் நாள், தொட்டிக்கு வெளியே நிலத்தில் ஒட்டிய அடையாளத்தில் நின்று, நீல விளக்கை அணைத்து, ஒரே கோணத்தில் படம் எடுங்கள். துண்டை ஒட்டிய பசை வட்டத்தின்மேல் தோல் ஏறிப் படர்வதுதான் முதல் அடையாளம். உயரம் பிறகுதான் வரும். ஆனால் என் நம்பிக்கை படத்தைவிடக் கொப்பியில்தான். போன ஆண்டு தையில் என் தொட்டி நாளுக்கு 0.4 டிகேஎச் செலவழித்தது, இந்தத் தையில் 1.1. அப்பச் சோடா வாங்கும் கடைக்காரர், வீட்டில் தினமும் அப்பமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.